ஆடிட்டரம்மாவின் வாய்

முத்தியால்பேட்டை மணிக்கூண்டுப் பக்கம் போய் ஆதிலட்சுமி வீடு எது, ஆபீஸ் எது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆடிட்டரம்மா என்று கேட்டால், "மருந்துக்கட மாடிதான், போங்க. கோவமா இருப்பாங்க, பாத்துப் பேசுங்க" என்று வழியோடு எச்சரிக்கையும் சேர்த்துக் கொடுப்பார்கள். உண்மையில் அவள் ஆடிட்டர் இல்லை. ஆடிட்டருக்கான பரீட்சை எதையும் அவள் எழுதியதில்லை. சம்பளக்காரர்களுக்கும் சில்லறை வியாபாரிகளுக்கும் வருமான வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பவள், அவ்வளவுதான். "நான் ஆடிட்டர் இல்லீங்க" என்று ஆரம்பத்தில் வருகிறவர்களிடமெல்லாம் திருத்திக்கொண்டிருந்தாள். பிறகு அதற்கும் நேரமில்லாமல் போய்விட்டது.

அவளுடைய அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்தவர். ஆலை மூடியபோது மூத்தவள் ஆதிலட்சுமி பி.காம். முடித்திருந்தாள், இளையவள் கமலவேணி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். விஜயராகவன் என்ற ஆடிட்டரிடம் டைப் அடிக்கப் போன ஆதிலட்சுமி, கொஞ்ச நாளிலேயே அவருடைய ஆபீஸில் பாதி வேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். வேலை தெரிந்தவர்தான் விஜயராகவன். ஆனால் ஜூலை மாதம் வந்தால் மனிதராக இருக்கமாட்டார். ஒரு சீசனில் ஏதோ கூட்டல் தப்பென்று ஃபைலைத் தூக்கி அவள் முகத்தில் அடித்தார். அவள் குனிந்து அதைப் பொறுக்கி, தாள்களை ஒழுங்காக அடுக்கி, கயிறு கட்டி, அதே வேகத்தில் அவர் மேலேயே திருப்பி எறிந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். கூட்டல் தப்பு அவருடையது என்று பிறகு தெரிந்ததாம். அதை அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டு திரியவில்லை. எறிந்ததைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அப்புறம் மருந்துக்கடை மாடியில் ஒரு அறை பிடித்தாள். கணவன் இராமதாஸ் அதே தெருவில் டூவீலர் மெக்கானிக். பிள்ளைகள் இல்லை. வருஷத்தில் பத்து மாதம் அவளும் மற்றவர்களைப்போலச் சிரித்துப் பேசுகிறவள்தான் என்று இராமதாஸ் சொல்வான். ஊருக்கு அந்தப் பத்து மாதம் தெரியாது. சம்பளத்தில் பிடித்த வரிக்குச் சான்றாகக் கம்பெனிகள் ஃபாரம் பதினாறு கொடுத்த மறுநாளிலிருந்து கடைசித் தேதி வரைக்கும் இருக்கிற ஆதிலட்சுமியைத்தான் ஊருக்குத் தெரியும்.

அவள் மேல் மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. வருகிறவன் ஒருவன்கூட வேண்டிய தாளோடு வரமாட்டான். பான் கார்டு நம்பரை மனப்பாடமாகச் சொல்கிறேன் என்று ஒரு எழுத்தை மாற்றிச் சொல்வான். போன வருஷம் பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்தேனே என்றால், "உங்ககிட்டதான இருக்கும்" என்பான். வருமான வரித் துறையின் போர்ட்டல் மத்தியானமானால் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும். பத்து நிமிஷம் சுற்றி, நெட் கட்டாகி, போட்டதெல்லாம் அழிந்துபோகும். அந்த நேரம் பார்த்து எதிரே உட்கார்ந்திருப்பவன், "இன்னுமா முடியல?" என்று கேட்பான். ஒரு பேங்க் வாட்ச்மேன் ஃபோனுக்கு வந்த ஓடிபியைச் சொல்லவே மாட்டேன் என்று அடம்பிடித்தான். யாரிடமும் சொல்லக்கூடாது என்று தினமும் பேங்குக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறவனாம் அவன்.

"அப்ப நீங்களே வச்சுக்கங்க. பிரேம் போட்டு வூட்ல மாட்டிக்கங்க. அடுத்த ஆளு வாங்க" என்றாள்.

குருசுக்குப்பத்திலிருந்து வருகிற அருளானந்தம் இன்னொரு வகை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த சொல்தா. பென்ஷன் பிரான்சிலிருந்து வருகிறது. வருஷா வருஷம் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து உட்கார்ந்து, "நா பிரெஞ்சு சித்துவாயேன், அந்த நாட்டுப் பிரஜ. எனக்கு எதுக்கும்மா இங்க கணக்கு?" என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார். "இங்க பேங்க்ல போட்டு வச்சிருக்கீங்களே முசே, அந்த வட்டி பாரிசுலயா மொளைக்குது?" என்பாள் அவள். அவரும் அதைக் கேட்கத்தான் வந்ததுபோல் தலையாட்டிவிட்டுக் கண்ணாடியைத் தேடுவார்.

இதெல்லாம் வழக்கமான சண்டை. வழக்கமில்லாத சண்டையைக் கொண்டுவந்தவன் கமலவேணியின் கணவன் கலியமூர்த்தி.

அவன் தட்டாஞ்சாவடியில் ஒரு பிளாஸ்டிக் சாமான் கம்பெனியில் சூப்பர்வைசர். அங்கே வேலை செய்கிறவர்களின் ஃபாரம் பதினாறையெல்லாம் அவனே சேகரித்து ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து மனைவிக்கு மூத்தவளான ஆதிலட்சுமியிடம் கொடுப்பான். அதில் அவனுக்குக் காசு ஒன்றும் இல்லை. 'எங்க அண்ணி ஆடிட்டரு' என்று கம்பெனியில் சொல்லிக்கொள்கிற பெருமைதான். அவளுக்கும் ஒரே இடத்தில் இத்தனை பேர் கிடைப்பது பெரிய விஷயம்.

இரண்டு வருஷத்துக்கு முந்தின ஜூலையில் அவன் பையைக் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டே பேசினான்.

"அண்ணி, எதிர்க்க புதுசா ஒருத்தர் ஆபீஸ் போட்டிருக்காரே, இளம்பரிதின்னு. புடிச்ச வரிய அப்படியே முழுசா திருப்பி வாங்கித் தர்றாராம். வர்றதுல அவருக்கு ஒரு பங்கு. நம்மளும் அதுமாரி போட்டுடலாமே."

"எப்படி வாங்கித் தராருன்னு கேட்டீங்களா தம்பி?"

"அது என்னமோ செக்‌ஷன் இருக்குதாமே."

"இருக்குது. பேரு தெரியாத ஏதோ கட்சிக்கு நீங்க நன்கொட குடுத்ததா எழுதுவாரு. குடியிருக்காத வூட்டுக்கு வாடக குடுத்ததா எழுதுவாரு. அதுவும் பத்தலன்னா, வூட்ல யாருக்காவது பெரிய வியாதின்னு எழுதுவாரு. உங்கம்மாவுக்கு என்ன வியாதி?"

"எங்கம்மாவுக்கு என்ன? நல்லாத்தான் இருக்காங்க."

"கேன்சர்னு எழுதணும். எழுதட்டுமா?"

கலியமூர்த்தியின் முகம் கறுத்துவிட்டது. அறையில் காத்திருந்த நாலைந்து பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். விஷயம் சரிதான். ஆனால் அதை ஒரு மகனிடம் சொல்ல வேறு வழிகள் இருந்தன. ஆதிலட்சுமிக்கு அந்த வழிகள் ஜூலை மாதத்தில் கண்ணுக்குத் தெரியாது.

"எங்கம்மாவ எதுக்கு இழுக்கறீங்க?" என்று எழுந்தவன் பையோடு படியிறங்கி நேராகத் தெருவைக் கடந்து எதிர் ஆபீஸுக்குள் நுழைந்தான். ஜன்னலிலிருந்து அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

இளம்பரிதி சொன்னபடியே எல்லோருக்கும் பணம் வந்தது. வந்தது மட்டுமல்ல, சீக்கிரமாகவும் வந்தது. இத்தனை வருஷம் ஆடிட்டரம்மா நம்மை ஏமாற்றிவிட்டாள் என்ற பேச்சு தட்டாஞ்சாவடியிலிருந்து முத்தியால்பேட்டை வரைக்கும் நடந்து வந்தது. அவளிடம் வழக்கமாக வருகிற வாத்தியார்களில் சிலரும் எதிர்ப்பக்கம் போனார்கள். போகிறவர்கள் அவள் ஜன்னலைப் பார்க்காமல் போகக் குடையைச் சாய்த்துப் பிடித்தார்கள், மழையே இல்லாத நாளில்.

அந்தத் தை மாதம் கமலவேணியின் மகள் கவிநிலாவுக்கு மஞ்சள் நீராட்டு. மண்டபம் பிடித்துப் பெரிதாகச் செய்தார்கள். பெரியம்மா முறைக்கு ஆதிலட்சுமி பட்டுப்பாவாடையும் பழத்தட்டுகளும் எடுத்துக்கொண்டு போனாள். வரிசை வைக்கிற நேரத்தில், மைக் பக்கத்தில் நின்றிருந்த கலியமூர்த்தி சொந்தக்காரர்களைப் பார்த்துச் சொன்னான்:

"எங்க அண்ணி ரொம்ப நேர்மையானவங்க. கவர்மென்டுக்குப் போற காச ஒரு பைசா திரும்பி வர வுடமாட்டாங்க. பெத்த அப்பன் பணமா இருந்தாலும் கட்டிட்டு வான்னுதான் சொல்வாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். இராமதாஸும் சிரித்துவிட்டான். சிரித்த பிறகுதான் மனைவியைப் பார்த்தான்.

அவள் தட்டுகளை இறக்கி வைத்தாள், பெண்ணின் நெற்றியில் சந்தனம் வைத்தாள், செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். கமலவேணி புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தாள்.

"அக்கா, ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போக்கா. என் பொண்ணுக்காக."

"திருட்டுக் காசுல ஆக்குன சோறு. எனக்குச் செரிக்காது."

கமலவேணி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். அந்த மண்டபத்துச் செலவுக்கு அவள் தன் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்திருந்தாள் என்பது ஆதிலட்சுமிக்கு அப்போது தெரியாது. தெரிந்தபோது மாசி முடிந்திருந்தது. போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். போகவில்லை. சிரித்தது அவர்கள்தானே, முதலில் அவர்கள் வரட்டும் என்று இருந்துவிட்டாள்.

அடுத்த சீசன் வந்தது. அந்த வருஷம் அரசு கடைசித் தேதியை ஜூலையிலிருந்து செப்டம்பருக்குத் தள்ளி வைத்தது. ஊரே நிம்மதி என்றது. அவளுக்குத்தான் தலைவேதனை நீண்டது. எல்லோரும் "இன்னும் நாளிருக்கே" என்று சொல்லிவிட்டு, வந்து மட்டும் தினமும் விசாரித்துவிட்டுப் போனார்கள். மாத்திரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குப் பின்னால் ஒரு வலி காலையில் அவளோடு படியேறி, சாயங்காலம் அவளோடு இறங்கியது.

ஜூலை நடுவில் ஒருநாள் பிளாஸ்டிக் கம்பெனி ஆட்களின் ஃபோன்களுக்கு ஒவ்வொன்றாகச் செய்தி வந்தது. போன வருஷம் நீங்கள் கேட்டு வாங்கிய வரிக் கழிவுகள் சந்தேகமாக இருக்கின்றன, சரியாக இருந்தால் ஆதாரம் வையுங்கள், தவறென்றால் திருத்தி வரியைக் கட்டுங்கள் என்று வருமான வரித் துறையிலிருந்து. இதற்கு முன்பே மெயில்கள் வந்திருக்கின்றன. ஆனால் எல்லோருடைய ரிட்டர்னிலும் இளம்பரிதி தானே உண்டாக்கிய மெயில் முகவரியைத்தான் போட்டிருந்தான். எதிர் ஆபீஸின் ஷட்டர் அன்று காலையிலிருந்தே இறங்கியிருந்தது. ஃபோன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

கம்பெனியில் எல்லோரும் கலியமூர்த்தியைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் பேச்சைக் கேட்டுத்தானே தாள்களைக் கொடுத்தார்கள். சட்டையைப் பிடித்தவர்களும் உண்டு. எங்கிருந்து வந்தது என்று தெரியாமல், மறுநாள் ஒரு பேச்சு கிளம்பியது. ஆடிட்டரம்மாதான் பொறாமையில் துறைக்கு எழுதிப் போட்டுவிட்டாள், இல்லாவிட்டால் நம் கம்பெனி ஆட்களுக்கு மட்டும் எப்படி வரும் என்று. நாடு முழுக்க இப்படி ஆயிரக்கணக்கானவர்களுக்குப் போயிருந்தது. ஆனால் நாடு முழுக்கச் சட்டையைப் பிடிக்க முடியாது அல்லவா. மருந்துக்கடை மாடிக்கு ஏற முடியும்.

ஏறினார்கள். இருபது பேருக்கு மேல் இருக்கும். படி முழுக்க நின்றார்கள். முன்னால் கலியமூர்த்தி. அறையில் அருளானந்தம் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து மூன்றாவது முறையாகப் போர்ட்டல் அவருடைய கணக்கை விழுங்கியிருந்தது. ஆதிலட்சுமி ஒரு டீகூடக் குடித்திருக்கவில்லை.

"எத்தன நாளா இத மனசுல வச்சிருந்த?" என்றான் கலியமூர்த்தி. அண்ணி என்ற சொல் போயிருந்தது.

"எத?"

"நீதான போட்டுக் குடுத்த. சொல்லு. இத்தினி பேரு குடும்பத்துல மண்ணள்ளிப் போட்டது நீதான?"

அவனுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண், "கேளுண்ணா, நல்லா கேளு" என்றாள்.

ஆதிலட்சுமி எழுதிப் போடவில்லை. யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை. மண்டபத்திலிருந்து நடந்து வந்த அன்று மனசுக்குள் நூறு முறை எழுதிப் பார்த்தாள் என்பது உண்மை. ஆனால் அவளுடைய தங்கை புருஷன் பெயரும் அதில் வரும். அதனால் தாளைக்கூடத் தொடவில்லை. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். நம்புகிறவன் நம்புவான், நம்பாதவன் கத்திவிட்டுப் போவான்.

ஆனால் அவன் கேட்ட விதம் அவளுக்குத் தாங்கவில்லை. மைக் பக்கத்தில் நின்று கேலி பேசிய அதே முகம். தப்பைச் செய்தவன் நியாயம் கேட்கிறான். செய்யாதவள் அவன் முன்னால் கைகட்டி நின்று, இல்லைங்க, நான் இல்லைங்க என்று சத்தியம் செய்ய வேண்டும். வார்த்தை வாய்க்கு வந்த பிறகுதான் என்ன சொல்கிறோம் என்று அவளுக்கே கேட்டது.

"ஆமா. நான்தான். இப்ப இன்னா பண்ணப் போற?"

கலியமூர்த்திகூட அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை என்பது அவன் கண்ணில் தெரிந்தது. பிறகு எல்லாம் ஒன்றாக நடந்தது. யாரோ பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி எறிந்தார்கள். அது பிரின்டர் மேல் விழுந்து பிரின்டர் தரையில் விழுந்தது. ஃபைல்கள் சரிந்தன. நாக்கில் வைத்துச் சொல்ல முடியாத வார்த்தைகள் வந்தன. அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. அருளானந்தம் கைத்தடியை ஊன்றி எழுந்து வாசலுக்கும் மேஜைக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு, "கடக்காரரு போலீசுக்குச் சொல்லிட்டாரு. பொம்பளைங்கள்லாம் மொதல்ல எறங்குங்க" என்று பட்டாளத்துக் குரலில் சொன்னார். போலீசுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் இறங்கினார்கள். போகிற போக்கில் படியோரம் இருந்த அவளுடைய போர்டைப் பிடுங்கிக் கால்வாயில் போட்டார்கள்.

அருளானந்தம் திரும்பிப் பார்த்தார். "நெசமாவே நீதாம்மா பண்ணினியா?"

"உங்க வேல நாளைக்கு முடிஞ்சுடும் முசே. வூட்டுக்குப் போங்க."

இராமதாஸ் பட்டறையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தான். உடைந்த பிரின்டரைக் கையில் எடுத்துப் புரட்டிக்கொண்டே அவனும் அதையே கேட்டான்.

"நான் எழுதல" என்றாள்.

"அப்புறம் எதுக்கு எழுதுனேன்னு சொன்ன?"

"அவன் கேட்ட லட்சணம் அப்படி."

இராமதாஸ் பிரின்டரைக் கீழே வைத்தான். "எழுதியிருந்தாலும் பரவால்ல. எங்கிட்ட மறைக்காத" என்றான். தாலி கட்டினவனே நம்பவில்லை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

அதற்குப் பின் வந்த வாரங்களை அவள் எப்படித் தாண்டினாள் என்பதை அருகிலிருந்து பார்த்தவர் மருந்துக்கடைக்காரர். ஸ்கூட்டர் டயரை இரண்டு முறை குத்தினார்கள். படியில் சாக்கடைத் தண்ணீரை ஊற்றினார்கள். வழக்கமான ஆட்கள் சிலர் வந்து, "எங்க பேப்பரக் குடுத்துடுங்க, பையன் பாத்துக்கறான்னு சொல்றான்" என்று வாங்கிக்கொண்டு போனார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது வேறு. இதுவரை அவள் வாசல் பக்கமே வராத வியாபாரிகள் சிலர் வாழைப்பழச் சீப்பும் ஸ்வீட் பெட்டியுமாக வந்தார்கள். "மேடத்துக்கு இன்கம்டாக்ஸ் ஆபீஸ்ல பெரிய ஆளுங்கள்லாம் பழக்கமாமே. நம்ம பக்கம் கொஞ்சம் பாத்துக்கங்க" என்று குழைந்தார்கள். ஒரு நகைக்கடைக்காரர் காலில் விழாத குறை. ஏசுகிறவர்களை முகத்தைப் பார்த்துத் திருப்பி ஏசலாம். இவர்களை என்ன செய்வது. பெட்டியைத் தூக்கி மாடியிலிருந்து தெருவில் போட்டாள். அதற்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடித்தார்கள். பெரிய இடத்துப் பழக்கம் இருப்பதால்தான் இவ்வளவு திமிர் என்று.

பிளாஸ்டிக் கம்பெனி ஆட்கள் அங்கேயும் இங்கேயும் அலைந்து பார்த்தார்கள். சிக்கலில் மாட்டின ரிட்டர்னைத் தொட, சீசன் நேரத்தில் யாரும் தயாராக இல்லை. ஆடி கடைசியில் ஒருத்தி வந்து வாசலில் நின்றாள். பேக்கிங்கில் வேலை செய்கிற தாமரைச்செல்வி. அன்றைக்குக் கூட்டத்தில் "நல்லா கேளு" என்று சொன்னவள்.

"எனக்கு உன்னப் புடிக்கல" என்றாள் அவள். "வேற எவனும் செய்ய மாட்டேங்கறான். அதான் வந்தேன்."

"எனக்கும்தான் உன்னப் புடிக்கல. உக்காரு. ஃபோன எடு."

திறந்து பார்த்தால் அவளுடைய அம்மாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்ததாக எழுதியிருந்தது. அம்மா இறந்து எட்டு வருஷம் என்றாள் தாமரைச்செல்வி. திரையை விரலால் தொட்டுக் காட்டி, "செத்தவள திரும்பக் கொண்டாந்து நோயாளியாக்கி வச்சிருக்கான் பாரு" என்றாள். ஆதிலட்சுமி அதற்குச் சிரிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. வாங்கின பணத்தைத் திருப்பிக் கட்டி, அதன் மேல் கூடுதல் வரியும் கட்டித்தான் ஆகவேண்டும், வேறு வழி கிடையாது என்று விளக்கினாள். கிளம்பும்போது, ஏனோ அவளிடம் சொல்லத் தோன்றியது.

"நான் எழுதிப் போடல."

"நீயேதான சொன்ன. இத்தினி பேரு கேட்டோமே" என்றாள் தாமரைச்செல்வி. "பரவால்ல வுடு" என்று இறங்கிப் போனாள். அவள் மன்னித்துவிட்டுப் போனாள் என்பதுதான் ஆதிலட்சுமிக்கு ஆறவில்லை. செய்யாததற்கு மன்னிப்பு.

தாமரைச்செல்விக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார்கள். வழக்கமான கூலிதான் வாங்கினாள். குறைக்கவும் இல்லை, ஏற்றவும் இல்லை. பிரின்டரை உடைத்தவன் வந்தபோது மட்டும் பிரின்டரைச் சரிசெய்து கொண்டுவந்து வைத்த பிறகுதான் நாற்காலி கொடுத்தாள்.

கலியமூர்த்தி வரவில்லை. கடைசித் தேதிக்கு இரண்டு மூன்று நாள் இருக்கையில், அறையில் ஆள் நிற்க இடமில்லாத மத்தியானத்தில், கமலவேணி வந்தாள். அக்கா என்று உள்ளே நுழையவில்லை. சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்து, தனக்கு முன்னால் வந்தவர்கள் முடிந்து போகும்வரை காத்திருந்தாள். முறை வந்ததும் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து தாள்களை மேஜையில் வைத்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது.

"அவர வரச் சொல்லு" என்றாள் ஆதிலட்சுமி.

"வரமாட்டாரு."

"ஓடிபி அவரு ஃபோனுக்குதான் வரும்."

"எடுத்தாந்திருக்கேன். அவருக்குத் தெரியாது."

ஆதிலட்சுமி வேலையை ஆரம்பித்தாள். மாமியாருக்குக் கேன்சர் என்று எழுதியிருந்ததைப் படித்துக் காட்டாமலே அழித்தாள். அன்றைக்கு அவ்வளவு சத்தமாகச் சொன்னதை இன்று மெதுவாகக்கூடச் சொல்ல முடியவில்லை.

கமலவேணிதான் பேசினாள். குரலை உயர்த்தவில்லை. பின்னால் நின்றவர்களுக்கு அவர்கள் கணக்குப் பேசுவதுபோல்தான் தெரிந்திருக்கும்.

"நீ எழுதிப் போடலன்னு எனக்குத் தெரியும்."

ஆதிலட்சுமி நிமிர்ந்தாள். இரண்டு மாதத்தில் அப்படிச் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"உன்கூடதான வளந்தேன். உன் பக்கம் நியாயம் இருக்கறத நீ வெளிய சொல்லவே மாட்ட. கெட்ட பேரு வர்றதத்தான் ஊரக் கூட்டிச் சொல்லுவ." தாள்களின் ஓரத்தை விரலால் சமப்படுத்தினாள். "அன்னிக்கு நீ இல்லன்னு சொல்லியிருந்தா அவரு தோத்துட்டு வந்து வூட்ல உக்காந்திருப்பாரு. இத்தினி பேரையும் ஏமாத்திட்டோமேன்னு ஒருநாளாவது வெக்கப்பட்டிருப்பாரு. நீ ஆமான்னு சொல்லி அவரக் காப்பாத்திட்ட. இப்ப எல்லாப் பழியும் உன் தலையில. கம்பெனில அவரப் பாத்துப் பாவம்னு சொல்றாங்க. தெனம் குடிச்சுட்டு வந்து உங்கக்கா உங்கக்கான்னு என்னப் போட்டு அடிக்கறாரு. நா எத்தன தடவ சொல்றது, அவ எழுதிப் போடலன்னு. அவளே சொன்னாளேன்னு ஒரே பேச்சு. உன் வாயில வந்த ஒரு சொல்லுக்கு நான் அடி வாங்கறேன்."

ஆதிலட்சுமி தங்கையின் கையைப் பிடிக்கப் போனாள். கமலவேணி கையை மடியில் இறக்கிக்கொண்டாள்.

"என்கூட வந்துடு" என்றாள் ஆதிலட்சுமி. "பொண்ணையும் கூட்டிக்கிட்டு வந்துடு. நான் பாத்துக்கறேன்."

"நீ என்ன பாப்ப? உன் கோவத்தப் பாத்துக்கவே உனக்கு நேரமில்ல." ஃபோனில் வந்த எண்ணைப் படித்துச் சொன்னாள். முடிந்ததா என்று கேட்டாள். முடிந்தது என்றதும், கூலியை எடுத்து மேஜையில் வைத்தாள். ஆதிலட்சுமி அதைத் திருப்பித் தள்ளினாள்.

"மத்தவங்ககிட்ட வாங்கறதத்தான குடுக்கறேன். வாங்கிக்க. இல்லன்னா நாளைக்கு அவருக்குத் தெரியவந்தா அதுக்கும் நான் பதில் சொல்லணும்."

வாங்கிக்கொண்டாள். கமலவேணி எழுந்த நாற்காலியில் அடுத்த ஆள் வந்து உட்கார்ந்து, பாஸ்வேர்டு மறந்துபோச்சு என்றான். அவனிடம் அவள் கோபப்படவில்லை. அன்று சாயங்காலம் வரை யாரிடமும் கோபப்படவில்லை. வந்தவர்களெல்லாம் ஆடிட்டரம்மாவுக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

சீசன் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே இராமதாஸை அனுப்பினாள். கலியமூர்த்தியிடம் போய், அவள் எழுதிப் போடவில்லை, கோபத்தில் வாய் தவறிவிட்டது, அடிக்கிற கையை நிறுத்து, இல்லாவிட்டால் மகளிர் போலீசுக்குப் போவாள் என்று சொல்லிவிட்டு வரச் சொன்னாள். இராமதாஸ் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பினான். கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தான்.

"சொன்னியா?"

"சொன்னேன். போலீசுன்னதும் கொஞ்சம் அடங்குனான்."

"நான் எழுதலன்னு சொன்னதுக்கு?"

இராமதாஸ் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "தெரியும்னான். மொத நாளே தெரியுமாம். அந்தப் பேச்சக் கெளப்புனதே அவன்தானாம். நீ இல்லன்னுதான் சொல்லுவ, கொஞ்சநேரம் கத்திட்டுப் போயிடலாம்னு கூட்டிக்கிட்டு வந்தானாம். நீ ஆமான்னதும் அவனுக்கே ஒண்ணும் ஓடலியாம். அப்புறம் பழி உன்மேலயே இருக்கட்டும்னு வுட்டுட்டானாம்."

"இத யாரு முன்னாடி சொன்னான்?"

"யாரும் இல்ல. நாங்க ரெண்டு பேருதான் இருந்தோம்."

அவள் குழம்பை ஊற்றினாள். வாயில் வந்த வார்த்தைகள் பல. கேட்பதற்கு ஆள் ஒருவன்தான் இருந்தான், அவன்மேல் தப்பும் இல்லை. இப்போதும் அவள் மருந்துக்கடை மாடியில்தான் இருக்கிறாள். பிளாஸ்டிக் கம்பெனி ஆட்கள் அவளிடம்தான் வருகிறார்கள், கலியமூர்த்தி தவிர. இனி போட்டுக் கொடுக்க மாட்டாள் என்ற நம்பிக்கையில் வருகிறார்கள். கமலவேணியை மார்க்கெட்டில் எப்போதாவது பார்க்கிறாள். தங்கை நின்று, "நல்லாருக்கியா" என்று கேட்கிறாள். அவளும் நின்று பதில் சொல்கிறாள். மீன் வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போகிறார்கள்.